ஸ்கேட் மீன்களை வகைப்படுத்த எதை நம்புவது: மூக்கையா, முட்டையையா, மரபணுவையா?

ஸ்கேட் மீன்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்றில் எல்லா ஸ்கேட்களும் ராஜிடே என்ற ஒரே குடும்பம். மற்றதில் நான்கு குடும்பங்கள். ஒன்றில் ராஜிஃபார்மிஸ் வரிசைக்குள் (வரிசை என்பது குடும்பங்களுக்கு மேலான பிரிவு) உழுவைகளும் (கிட்டார் மீன்கள்) உட்கார்ந்திருக்கும், மற்றதில் உழுவையைக் காணோம். மரபணுவை வைத்து வரைந்த உறவு மரம் ஒரு கதை சொல்லும், எலும்புக்கூட்டு மரம் வேறு கதை சொல்லும். எதை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி எனக்குப் பலமுறை வந்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஸ்கேட் என்றால் எது என்பதை முதலில் சொல்லிவிடலாம். பார்க்கத் திருக்கைதான். ஆனால் வாலில் கொட்டும் முள் கிடையாது. மற்ற திருக்கைகள் குட்டி போடும், இது முட்டையிடும். வாலின் இரு பக்கமும் மிக மெல்லிய மின்சாரம் தரும் உறுப்பு உண்டு. சுமார் 300 சிற்றினங்கள். திருக்கைக் கூட்டத்தில் இவ்வளவு சிற்றினங்கள் உள்ள வரிசை வேறில்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது: இந்த 300-ம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. சாய்சதுர உடல், ஒல்லி வால், வால் நுனிப்பக்கம் இரண்டு சின்னத் துடுப்புகள். ஆழ்கடலில் இருப்பதும் கரையோரத்தில் இருப்பதும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு முறை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், கேள்வி எவ்வளவு ஆழமானது என்று பார்க்க வேண்டும். நேற்றுப் பிரிந்த இரண்டு சிற்றினங்களை வேறுபடுத்துவது ஒரு வேலை. ஜுராசிக் காலத்திலோ அதற்கு முன்போ மற்ற திருக்கைகளிடமிருந்து ஸ்கேட்கள் பிரிந்த கிளையைத் தேடுவது வேறு வேலை. ஒன்றுக்கு உதவும் சான்று மற்றதற்கு அநேகமாக உதவாது. குழப்பத்தில் பாதி இதைக் கவனிக்காததால் வருவது.

அடுத்தது கையில் என்ன மாதிரி இருக்கிறது என்பது. வளர்ந்த ஆணா, பெண்ணா, குஞ்சா, பழைய குடுவையில் ஊறிக்கிடப்பதா? சில முறைகள் இவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

மூன்றாவது, அந்த அடையாளம் நம்மை ஏமாற்றுமா? உறவே இல்லாத இரண்டு கிளைகளில் ஒரே அமைப்பு தனித்தனியாகத் தோன்றுவது இந்தக் கூட்டத்தில் சகஜம். இதோடு, முதலில் கண்ணில் படாத செலவுகளையும், இன்று எழுதும் பெயர் பத்து வருடம் நிற்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## வெளித்தோற்றம்

காசில்லாத முறை. படகுத் தளத்திலேயே முடிந்துவிடும், மீனையும் உயிரோடு திருப்பி விடலாம். இதை மட்டம் தட்டுகிறவர்கள் நிறையப் பேர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் இது எங்கே கவிழ்த்துவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வடகிழக்கு அட்லாண்டிக்கின் பெரிய ஸ்கேட்டின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1758-ல் லின்னேயஸ் அதற்கு ராஜா பாட்டிஸ் என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அதே கடலில் இன்னும் சில சிற்றினங்கள் இருப்பதாக எழுதினார்கள். 1926-ல் கிளார்க் செய்த திருத்தத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்தன. 2010-ல் இக்லேசியாஸ் குழுவினர் உடலையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு மீன்கள் வெளியே வந்தன. இன்று அவற்றின் பெயர் டிப்டூரஸ் பாட்டிஸ், டிப்டூரஸ் இன்டர்மீடியஸ். ஒன்றில் பெண்கள் சுமார் 1.2 மீட்டர் நீளத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். மற்றது ஏறக்குறைய 2 மீட்டர் வரை வளர்ந்தாக வேண்டும். அந்த நீளத்தை எட்டுவதற்குள் எத்தனை வலைகளைத் தாண்ட வேண்டும்! 84 வருடம் ஒரே பெயரில் கணக்கு எழுதியதால், பெரியது எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பது பதிவேட்டில் தெரியாமலே போனது. வெளித்தோற்றத்தின் மறைமுகச் செலவு என்று நான் சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இரண்டையும் பிரிக்கும் அடையாளங்களில் ஒன்று கண். ஒன்றின் கருவிழிப்படலம் வெளிர் மஞ்சள், மற்றதில் கரும்பச்சை. உயிருள்ள மீனைக் கையில் பிடித்துக் கண்ணைப் பார்த்தால் தெரியும். குடுவைக்குள் போன மீனில் அந்த நிறம் நிற்காது. ஆகவே வெளித்தோற்றம் பொய் சொல்லவில்லை, யாரும் சரியான நேரத்தில் சரியான இடத்தைப் பார்க்கவில்லை.

சிற்றினத்தைத் தாண்டி மேலே போனால் நிலைமை மோசம். குருரிராஜா என்ற பேரினத்தின் இடுப்புத் துடுப்பில் முன்பகுதி தனியாகப் பிரிந்து கால் மாதிரி இருக்கும். அனகாந்தோபாட்டிஸ் கூட்டத்திலும் அப்படியே. கால் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே குடும்பத்தில் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது பிரித்துவிட்டார்கள், 'கால்' தனித்தனியாக வந்த சமாச்சாரம். மூக்கும் அப்படித்தான். மூக்கு நுனியை விரலால் அழுத்தினால் வளைந்து கொடுப்பவை அரிங்கோபாட்டிடே, விறைப்பாக நிற்பவை ராஜிடே என்று ஒரு சுலபமான பாடம் உண்டு. பெரும்பாலும் சரி. ஆனால் மாலகோராஜா என்ற பேரினத்தின் பெயருக்குப் பொருளே 'மென்மையான ராஜா'. அது இருப்பதோ விறைப்பு மூக்குக்காரர்களின் குடும்பத்தில்.

எப்போது இதை எடுக்கலாம் என்றால், அந்தக் கடல் பகுதியில் எந்தெந்தச் சிற்றினங்கள் உண்டு என்பது ஏற்கெனவே தெளிவாக இருக்கும்போது. பட்டியல் இல்லாத இடத்தில் கண்ணை மட்டும் நம்பிப் பெயர் எழுதாதீர்கள்.

## கிளாஸ்பரும் எலும்புக்கூடும்

வளர்ந்த ஆண் ஸ்கேட்டைப் புரட்டிப் போட்டால், இடுப்புத் துடுப்புகளின் உள்விளிம்பில் விரல் போல இரண்டு தண்டுகள் தெரியும். இனச்சேர்க்கைக்கான பற்றுறுப்பு, அதாவது கிளாஸ்பர். இதன் நுனியை விரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: பள்ளங்கள், மடிப்புகள், ஒன்றன் மேல் ஒன்று ஏறிய குருத்தெலும்புத் தகடுகள். கேடயம், காவலாள், கூர்முள் என்று பொருள்படும் பெயர்களை வகைப்பாட்டாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். உடல் அச்சு மாறவே மாறாத ஒரு கூட்டத்தில் இந்த ஒரு உறுப்பு மட்டும் கிளைக்குக் கிளை விதவிதமாக மாறியிருக்கிறது.

1998-ல் மெக்கெக்ரன், டன் என்ற இரு ஆய்வாளர்கள் கிளாஸ்பர், மண்டைப் பெட்டி, தோள் குருத்தெலும்பு ஆகியவற்றை முக்கியமாக வைத்து ஸ்கேட்களின் மரத்தை வரைந்தார்கள். இரண்டு துணைக்குடும்பங்கள் கிடைத்தன. ராஜா என்ற பெரிய மூட்டைக்குள் துணைப் பேரினங்களாகக் கிடந்த லூகோராஜா, ஆம்பிளிராஜா, டிப்டூரஸ் போன்றவை முழுப் பேரினங்களாக எழுந்தன. இன்று நாம் பயன்படுத்தும் பேரினப் பெயர்களில் பெரும்பகுதி அந்த வேலைக்குக் கடன்பட்டது. மரபணுக் காலத்திலும் அதில் நிறையப் பேரினங்கள் அசையாமல் நிற்கின்றன. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

செலவு? பெண் மீனுக்குக் கிளாஸ்பர் கிடையாது. குஞ்சு ஆணில் அது முழுசாக உருவாகியிருக்காது. பெண்ணும் குஞ்சும் மட்டுமே கிடைத்த ஒரு சிற்றினம் என்றால் பாதி அடையாளங்கள் வெறும் கேள்விக்குறி. அறுத்துப் பார்க்க வேண்டும், அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். எடுத்த படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. மிக ஆழமான கிளைகளுக்கு எலும்புக்கூடு சறுக்கியிருக்கிறது. 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர் ஷிராய் எலும்பும் தசையும் பார்த்து, திருக்கைகள் எல்லாமே சுறா மரத்துக்குள் ஒரு கிளை என்றார். ரம்பச் சுறாவுக்கும் ஏஞ்சல் சுறாவுக்கும் பக்கத்தில் இடம் கொடுத்தார். வாதம் நன்றாகத்தான் இருந்தது, பாடப்புத்தகங்களிலும் ஏறியது. 2003 முதல் வந்த டி.என்.ஏ. முடிவுகள் அதைக் கலைத்துவிட்டன. சுறாக்கள் ஒரு கிளை, திருக்கைகளும் ஸ்கேட்களும் அதற்கு இணையான இன்னொரு கிளை. தட்டையாக வாழ்ந்தால் தட்டைக்கேற்ற எலும்பு வரும், உறவு வேண்டியதில்லை.

## முட்டைக்கூடு

யாரும் கேட்காத தேர்வு, எனக்குப் பிடித்த தேர்வு. கையகலத் தோல்பை, நான்கு மூலையிலும் கொம்பு. கொம்பின் நீளம், வளைவு, ஓரவிளிம்பின் அகலம், மேற்பரப்பில் நார் இருக்கிறதா வழவழப்பா என்று பார்த்தால் பல சிற்றினங்களைச் சொல்லிவிடலாம். கரையொதுங்கிய காலிக் கூடே போதும், மீனைத் தொடவே வேண்டாம்.

ஒரு கூட்டுக்குள் ஒரு குஞ்சு என்பதுதான் ஸ்கேட்களின் சட்டம். வட பசிபிக்கில் இரண்டே இரண்டு சிற்றினங்கள் அதை மீறுகின்றன. அமெரிக்கப் பக்கம் ஒன்று, ஆசியப் பக்கம் ஒன்று. அமெரிக்கப் பக்கத்து மீனின் கூட்டில் ஏழு குஞ்சுகள் வரை கண்டிருக்கிறார்கள். சமுத்திரத்தின் இரண்டு கரைகளில் இருக்கும் இந்த இரண்டையும் 2012-ல் பெரிங்ராஜா என்ற புதுப் பேரினத்தில் சேர்த்தார்கள். முட்டை காட்டிய வழி அது. உடலைப் பார்த்து அந்த உறவை ஊகித்திருப்பது கஷ்டம்.

சங்கடம் என்னவென்றால், கூடு கிடைத்தாலும் தாய் யார் என்று தெரியாது. தாயின் வயிற்றிலிருந்தே எடுத்த கூடு ஒவ்வொரு சிற்றினத்துக்கும் ஒன்றாவது இருந்தால்தான் ஒப்பிட முடியும். பல ஆழ்கடல் சிற்றினங்களுக்கு அது இல்லை. குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் முடியாது. அலாஸ்கா ஸ்கேட்டின் குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும்!

## பார்கோடு

மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுத் துண்டைப் படித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிடும் முறை. துடுப்பு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு போதும். பெண், குஞ்சு, தோலுரித்த இறைச்சித் துண்டு என எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கிளாஸ்பர் விட்ட ஓட்டையை இது அடைக்கிறது. 2012-ல் நெய்லர் குழுவினர் 4,283 மாதிரிகளை, 574 சுறா, திருக்கைச் சிற்றினங்களுக்கு, இப்படி ஒரு மரபணுவால் பார்த்து முடித்தார்கள். ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்த பல சிற்றினங்கள் அதில்தான் முகம் காட்டின.

இனி சிக்கல்கள். அந்தப் பெரிய வேலை நடந்தது என்.டி.2 என்ற மரபணுவில். உலகின் பெரும்பாலான பார்கோடு ஆய்வகங்கள் படிப்பதோ சி.ஓ.1. நீங்கள் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதில் தேட முடியாது. சோதனைக்குப் பணம் கட்டும் முன்பே, ஒப்பிட வேண்டிய மீன்களுக்கு எது தரவுத்தளத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், தரவுத்தளத்தில் தப்பான பெயரோடு ஏற்றிய டி.என்.ஏ. வரிசை இருந்தால் உங்கள் மீனுக்கும் அதே தப்பான பெயர் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடிக்க, அந்த வரிசை எந்த மீனிலிருந்து வந்தது என்று காட்டும் உடல் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும்.

சமீபத்தில் பிரிந்த சிற்றினங்களில் பார்கோடு கைவிரித்துவிடும். ராஜா கிளவாட்டாவும் மதேய்ரா தீவுப் பக்கத்து ராஜா மதேரென்சிஸும் நல்ல உதாரணம். முதுகில் உள்ள கோலத்தைக் கண்ணால் பிரிக்க முடிகிற இடத்தில் மைட்டோகாண்ட்ரியா பிரிக்கத் திணறுகிறது. அதோடு மைட்டோகாண்ட்ரியா தாய்வழிச் சொத்து. தகப்பன் பக்கத்துக் கதை அதில் இல்லை.

சொந்த அனுபவம் ஒன்று. பழைய குடுவையிலிருந்த ஒரு ஸ்கேட்டில் பார்கோடு எடுக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் ஒன்றும் வரவில்லை. ஃபார்மலினில் ஊறியது அது. ஃபார்மலின் உடலை அழகாக வைத்திருக்கும், டி.என்.ஏ.வைக் கந்தலாக்கிவிடும்.

## நூற்றுக்கணக்கான உட்கரு மரபணுக்கள்

ஆழமான கிளைகளுக்கு இன்று இதுதான் வழி, சந்தேகமில்லை. ஸ்கேட்கள் திருக்கை மரத்தில் எங்கே உட்காருகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புக்கூட்டு மரங்கள் மின் திருக்கைகளை அடியில் வைத்தன. பல மரபணுக்களை வைத்து 2012-ல் ஆஷ்லிமன் குழுவினர் வரைந்த மரத்தில் அடியிலேயே பிரிந்துபோனவை ஸ்கேட்கள். மின் திருக்கை, உழுவை, வேளா (ரம்ப மீன்), கொட்டும் திருக்கை எல்லாம் சேர்ந்து எதிர்ப்பக்கம்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசியுங்கள். ஸ்கேட்டும் கொட்டும் திருக்கையும் பக்கத்துடுப்பை அலை அலையாக அசைத்து நீந்துகின்றன. நடுவில் இருக்கும் உழுவையும் வேளாவும் மின் திருக்கையும் வாலை அடித்து நீந்துகின்றன. அப்படியானால் மூக்குவரை நீண்ட அந்தச் 'சிறகு' இரண்டு தடவை தனித்தனியாக வந்தது என்பதே எளிய விளக்கம். மின்னுறுப்பும் அதே கதை: ஸ்கேட்டில் வாலில், மின் திருக்கையில் தலைக்கு இருபக்கமும். பார்த்தால் ஒன்று மாதிரி இருப்பது ஒரே சொத்து இல்லை. 2023-ல் 'சிறு ஸ்கேட்' என்ற சிற்றினத்தின் முழு மரபணுத்தொகுதி வெளியான பிறகு, அந்தச் சிறகு உருவாகும்போது எந்த மரபணுக்களின் கட்டுப்பாடு மாறுகிறது என்றே பார்க்க முடிகிறது.

பணச் செலவு வெளிப்படை. மறைந்திருப்பது வேறு. 2018-ல் வந்த பெரிய மரத்தில் சுறா, திருக்கை, கைமீரா (இவற்றின் தூரத்து உறவு மீன்) எல்லாம் சேர்த்து 1,192 சிற்றினங்கள். அதில் டி.என்.ஏ. இருந்தது 610-க்கு. மீதியை வகைப்பாட்டுப் பட்டியலை வைத்துத்தான் பொருத்தினார்கள். மரத்தை எடுத்து, உங்கள் பேரினம் பழைய பட்டியலோடு அழகாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ந்தால், பட்டியலைப் பட்டியலோடு ஒப்பிட்டதாகத்தான் ஆகும். எந்தக் கிளையில் உண்மையான தரவு இருக்கிறது என்பது பின்னிணைப்பில் இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும்.

புதைபடிவங்களைத் தனித் தேர்வாக நான் வைக்கவில்லை. காலம் கணிக்க அவை வேண்டும், அவ்வளவுதான். குருத்தெலும்பு எளிதில் கல்லாகாது, பல் மட்டும் மிஞ்சும். ராஜா கிளவாட்டாவில் வளர்ந்த ஆணின் பல் கூர்மையானது, பெண்ணின் பல் தட்டை. இரண்டையும் பாறையில் தனித்தனியாகக் கண்டெடுத்தால் இரண்டு சிற்றினம் என்று எழுதிவிட மாட்டோம் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முழு உடலோடு கிடைத்தாலும் தகராறுதான். லெபனானின் சைக்ளோபாட்டிஸை ஒரு காலத்தில் கொட்டும் திருக்கைகளோடு வைத்தார்கள், பிறகு ஸ்கேட்கள் பக்கம் நகர்த்தினார்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| சான்று | எங்கே பலம் | யாருக்குப் பொருந்தாது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| வெளித்தோற்றம் | தெரிந்த பகுதியில் சிற்றினம் | குஞ்சுகள், நிறம் போன குடுவை மாதிரி | பல ஆண்டுக் கணக்கே தப்பாகலாம் |
| கிளாஸ்பர், எலும்புக்கூடு | பேரினம் | பெண், குஞ்சு | படிக்கத் தெரிந்தவர் அரிது |
| முட்டைக்கூடு | சிற்றினம், சில பேரினங்கள் | தாய் தெரியாத கூடு | ஒப்பிட மாதிரிக் கூடுகள் இல்லாமை |
| பார்கோடு | சிற்றினம், எந்த வயதும் | புதிதாகப் பிரிந்தவை, ஃபார்மலின் மாதிரி | தரவுத்தளப் பிழை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு மரபணு |
| உட்கரு மரபணுக்கள் | குடும்பம், வரிசை | அவசரத்துக்கு ஒரு பெயர் வேண்டுவோர் | மரத்தில் தரவில்லாத கிளைகள் |

## ஒரு குடும்பமா, நான்கா?

2016-க்குப் பிறகு வந்த பட்டியல்களில் பொதுவாக நான்கு குடும்பங்கள்: ராஜிடே, அரிங்கோபாட்டிடே, குர்ஜெசியெல்லிடே, அனகாந்தோபாட்டிடே. பழைய நூல்களில் ஒரே ராஜிடே, உள்ளே துணைக்குடும்பங்கள்.

பெயர் எழுதுவதற்கு நான்கையே எடுங்கள். இப்போதைய பதிவேடுகள் அப்படித்தான் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். ஆனால் உறவைப் பற்றி வாதம் செய்யும் இடத்தில் நான்கையும் சமமாக நம்பாதீர்கள். மென்மூக்கு, விறைப்பு மூக்கு என்ற பெரிய பிரிவு, மாலகோராஜா போன்ற விதிவிலக்குகளையும் மீறி, உறுதியாக நிற்கிறது. மற்ற இரண்டும் சிறிய கூட்டங்கள். அவை விறைப்பு மூக்குக் கிளைக்குள்ளேயே முளைத்தவை என்று நாளைக்குத் தெரிந்தால், அவற்றை வெளியே எடுத்த பிறகு மிஞ்சும் ராஜிடே ஒரு மூதாதையின் எல்லா வாரிசுகளும் அடங்கிய கூட்டம் ஆகாது. அந்த இடத்தில் 'விறைப்பு மூக்குக் கூட்டம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது பாதுகாப்பு.

வரிசைப் பெயரில் இதைவிட மோசமான பொறி இருக்கிறது. ராஜிஃபார்மிஸ் என்ற ஒரே சொல் ஒரு நூலில் திருக்கைகள் அத்தனைக்கும் பெயர், இன்னொன்றில் ஸ்கேட்டும் உழுவையும், இன்றைய நூலில் ஸ்கேட் மட்டும். உழுவையும் வேளாவும் ரைனோபிரிஸ்டிஃபார்மிஸ் என்ற வேறு வரிசைக்குப் போய்விட்டன. பழைய நூலிலிருந்து ராஜிஃபார்மிஸின் சிற்றின எண்ணிக்கையைப் புதுக் கட்டுரைக்குள் தூக்கிப் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

பேரினப் பெயர்களும் நகர்ந்திருக்கின்றன. உடலியல் ஆய்வகங்களின் பழைய கட்டுரைகளில் ராஜா எரினேசியா என்று வருவதும் இன்றைய லூகோராஜா எரினேசியாவும் ஒரே மீன். ராஜா எக்லான்டீரியா இப்போது ரோஸ்ட்ரோராஜா. புதுப் பெயரில் மட்டும் தேடினால் பல வருட ஆராய்ச்சி கண்ணில் படாது.

## நானாக இருந்தால்

பிடிபட்ட மீன்களைக் கணக்கெடுக்கும் வேலை என்றால் வெளித்தோற்றம், சந்தேகம் வரும் ஒவ்வொன்றுக்கும் பார்கோடு. புதுச் சிற்றினம் என்று அறிவிக்கப் போகிறீர்கள் என்றால் கிளாஸ்பர் இல்லாமல் இறங்காதீர்கள். பார்கோடு வித்தியாசத்தை மட்டும் வைத்து எழுதியதை அடுத்தவர் சரிபார்க்கவே முடியாது. பரிணாம வரலாறு எழுதுகிறீர்கள் என்றால் பல மரபணு மரத்தை முதுகெலும்பாக வையுங்கள். கிளாஸ்பரும் முட்டையும் அதன் மேல் எப்படி மாறின என்று பாருங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள்.

தேர்ந்தெடுக்கவே முடியவில்லை, மீன் மட்டும் கையில் இருக்கிறது என்றால், முடிவைத் தள்ளிப் போடலாம், ஆனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் கண் நிறம் தெரியும்படி புதிய மீனைப் படம் எடுங்கள். பிறகு துடுப்போரத்தில் நகமளவு வெட்டி எத்தனாலில் போட்டு, மீனுக்கும் சீசாவுக்கும் ஒரே எண்ணைக் கட்டுங்கள். பெண்ணாக இருந்தால் வயிற்றில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், ஆணாக இருந்தால் கிளாஸ்பரை விரித்து வையுங்கள். ஃபார்மலின் கடைசியில்.